முப்பத்தோராம் பக்கத்து நந்தியாவட்டை

1. கடிதம்

1936ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 14ஆம் திகதி, திங்கட்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். கிணற்றில் குளித்து, திருநீறு பூசி, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். ஆறு இருபதுக்குத் திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன். சோளகக் காற்று எதிர்த்து வீசியதால் வண்ணார்பண்ணைக்குப் போய்ச் சேர ஏழு மணிக்குப் பத்து நிமிடமே இருந்தது. அச்சுக்கூடத்துக் கிணற்றடியில் நின்ற நந்தியாவட்டையில் ஒரு பூப் பறித்து, மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த சரஸ்வதி படத்துக்கு வைத்தேன். பதினொரு வருடமாக அது என் கடமை. பிறகு என் சிற்றுளிகள் ஒன்பதையும் எண்ணெய்க் கல்லில் தீட்டி, ஒரு சுருட்டுப் பெட்டி லேபிளுக்கான பிளாக்கை வெட்டத் தொடங்கினேன்.

இதையெல்லாம் அந்த வருடத்து டயறியைப் பார்த்தே எழுதுகிறேன். அதில் செப்ரெம்பர் 15 தொடக்கம் நவம்பர் 2 வரையுள்ள பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. மார்ச் 3ஆம் திகதிப் பக்கத்தில் ஒரு சபையின் நீல முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. வேறெந்த வருடத்து டயறியிலும் அப்படி ஒரு பக்கம் கிடையாது. அது எப்படி நேர்ந்தது என்பதை மரக்கட்டையில் படம் வெட்டும் இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்பதரைக்குத் தபால் வந்தது. மனேச்சர் சபாரத்தினம் என்னைத் தம்முடைய மேசைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதரல்லர் என்று பலர் சொல்வார்கள். அன்று காலை ஒன்பதரை மணிவரை நானும் சொல்லிவந்தேன். கையில் ஒரு ஆங்கிலக் கடிதம். பள்ளிப் பாடப்புத்தகங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கும் சபையிலிருந்து வந்தது. நாங்கள் அச்சிட்ட ஓர் இயற்கைப் பாட நூலைப் பற்றியது.

நூலை எழுதியவர் சுன்னாகத்துத் தங்கரத்தினம் ரீச்சர். பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பிப்பவர். எழுத்தும் அவருடையது, படங்களும் அவருடையவை. நாலு வருட வேலை. அதில் ஒரு பாடம் முழுவதும் நடுவிலிருந்து சுற்றிவர ஒத்து விரியும் உருவங்களைப் பற்றியது. குறுக்கே வெட்டிய வெண்டிக்காய், மூன்று கண் நுங்கு, எருக்கம்பூ, கொழும்புத்துறைக் கரையில் வலையோடு வரும் ஐந்து கை நட்சத்திரமீன், வண்டிச் சில்லு, தேர்ச் சில்லு, கோயில் விதானத்துத் தாமரை என்று இருபத்திரண்டு படங்கள். இருபத்திரண்டையும் முதிரை மரக் கட்டையில் வெட்டியவன் நான்.

மனேச்சர் நூலை விரித்து முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். ஒற்றை நந்தியாவட்டைப் பூ.

"உந்தப் படத்தைப் பாரும். என்ன பிழை?"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். இதழ் ஐந்து. ஒரு கோடும் உடையவில்லை. மை அப்பவில்லை.

"ஒரு பிழையும் இல்லை, ஐயா."

"எனக்கும் தெரியேல்லை. ஆனா அவைக்குத் தெரிஞ்சிருக்கு."

கடிதத்தைத் தமிழில் சொன்னார். இந்தப் பூவின் இதழ்கள் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்து சுழலும், அலரிப்பூ அதற்கு மறுபக்கமாகச் சுழலும், வளவில் இரண்டையும் பறித்து ஒப்பிட்டுப் பார் என்று படத்தின் கீழே ரீச்சர் எழுதியிருக்கிறார். எழுதியது சரி. படத்திலுள்ள பூவோ அலரியின் பக்கம் சுழல்கிறது. ஆகவே ஆசிரியை பூவைப் பார்த்துக் கீறவில்லை, வேறேதோ புத்தகத்திலிருந்து கொப்பி அடித்திருக்கிறார் என்று சபை ஐயுறுகிறது. ஒரு கிழமைக்குள் ஆசிரியையும் அச்சுக்கூடமும் விளக்கம் எழுத வேண்டும். அதுவரை அனுமதி இல்லை. இதே கடிதத்தின் பிரதி ரீச்சருக்கும் போயிருந்தது.

நான் கிணற்றடிக்குப் போனேன். ஒரு பூவைப் பறித்து வந்து பக்கத்தின் மேல் வைத்தேன். பூவின் இதழ்கள் ஒரு பக்கம் சாய்ந்தன, படத்தின் இதழ்கள் மறுபக்கம் சாய்ந்தன. பதினொரு வருடமாக நாள்தோறும் என் விரலால் பறித்த பூ. அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அன்றுதான் முதன்முதல் பார்த்தேன்.

2. ஒட்டி வெட்டுதல்

பிழை எங்கே நடந்தது என்பது அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. அதை விளக்க வேண்டுமானால் எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும்.

மரக்கட்டையில் வெட்டிய படம் தாளில் விழும்போது இடம் வலமாகும். இது அச்சுக்கூடத்தில் தேநீர் கொண்டுவருபவருக்கும் தெரியும். அதனால் படத்தை மெல்லிய தாளில் பிரதி எடுத்து, தாளைக் குப்புறப் போட்டுத் தேய்த்து, கட்டையில் மாறிய படமாக இறக்கி, அதன் பிறகே வெட்ட வேண்டும். மூன்று அங்குலப் படம் ஒன்றை அப்படி இறக்க ஒன்றரை மணி நேரம் செல்லும்.

ஆனால் வட்டமான உருவங்களுக்கு எங்கள் அச்சுக்கூடத்தில் ஒரு குறுக்குவழி இருந்தது. நான் வருவதற்கு முன்பே இருந்தது. பக்கத்தில் இடம் மிஞ்சினால் போடுகிற தாமரை வட்டம் ஒன்று எங்களிடம் உண்டு. அதை எந்தப் பக்கம் திருப்பி அச்சுச் சட்டத்தில் பூட்டினாலும் ஒன்றுதான், கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றுதான். அப்படியானால் அதற்கு ஏன் பிரதி, ஏன் தேய்ப்பு? கீறிய படத்தையே சோற்றுப் பசையால் கட்டையில் நேராக ஒட்டி, தாளோடு சேர்த்து வெட்டிவிடுவோம். இதை ஒட்டி வெட்டுதல் என்போம். வேலை முடிய, கீறிய தாள் துண்டு துண்டாகப் போய்விடும்.

வெண்டிக்காயை ஒட்டி வெட்டினேன். எருக்கம்பூவை, நுங்கை, தேர்ச் சில்லை எல்லாம் ஒட்டி வெட்டினேன். எதிலும் குற்றம் வரவில்லை, ஏனெனில் அவற்றைக் கண்ணாடியில் பிடித்தாலும் அவையாகவே இருக்கும். நந்தியாவட்டை அப்படியல்ல. அதுவும் நடுவிலிருந்து ஐந்தாக ஒத்து விரிகிறதுதான். ஆனால் ஒவ்வோர் இதழும் பக்கத்து இதழை நோக்கிச் சரிந்து நிற்கிறது. கண்ணாடியில் பிடித்தால் அது வேறு பூவாகிவிடும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் ரீச்சர் அந்தப் படத்தையே கீறியிருந்தார். படத்தின் கீழே இருந்த நாலு வரியை வாசித்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும். வாசிக்கவில்லை. படம் வெட்டுபவர்கள் பாடத்தை வாசிப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

3. ஒரு மயிரிழை

மனேச்சரிடம் போய், பிழை என்னுடையது, ரீச்சரின் படம் சரி, நான் ஒட்டி வெட்டியதால் மாறிவிட்டது என்று சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உது உமக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"ஐயா, அந்த ரீச்சரைக் கள்ளி எண்டெல்லோ எழுதியிருக்கினம்?"

"கள்ளி எண்டு எழுதேல்லை. விளக்கம் கேட்டிருக்கினம். நாங்கள் பிழை விட்டனாங்கள் எண்டு ஒருக்கால் எழுதினா, அடுத்த பாடப் புத்தகம் ஆர் எங்களிட்டைத் தருவினம்? அவ திருப்பிக் கீறலாம். நாங்கள் பேரைத் திருப்பிக் கீறேலாது."

அங்கேயே மேசையில் இருந்து பதில் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். தரப்பட்ட படத்தை ஒரு மயிரிழையும் பிசகாமல் அச்சிட்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். அது பொய் என்றேன்.

"எது பொய்? ஒரு மயிரிழை பிசகிச்சோ? லென்ஸ் வைச்சுப் பார்த்திட்டு நீர்தானே சொன்னீர்."

சொன்னேன்தான். ஒவ்வொரு கோடும் அவர் கீறியபடியே இருந்தது. எல்லாம் சேர்ந்து மறுபக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். நான் நேர்த்தியாக வேலை செய்ததையே என் வாயை அடைக்கும் துணியாக அந்த மனிதர் பாவித்தார். எட்டு வருடம் கழிந்தும் இந்த வரியை எழுதும்போது பேனா அழுத்துகிறது.

வெளியே வந்தபோது கொம்பொசிற்றர் வல்லிபுரம் எழுத்துக் கோத்தபடியே சிரித்தான். கதவு சாத்தினாலும் அந்த அறையின் பேச்சு முழுவதும் அவன் காதுக்குத்தான்.

"பூ எந்தப் பக்கம் சுத்தினா என்ன அண்ணை? மாலை கட்டினா எல்லாம் ஒண்டுதானே."

"உன்ரை பேரை நான் மறுபக்கமாக் கோத்து அச்சடிச்சா?"

"ஆர் வாசிக்கப் போகினம்?" என்றான். அவனில் எனக்குக் கோபமில்லை. அவன் பகிடிக்குச் சொன்னான். மனேச்சர் அதையே கடிதமாக எழுதினார்.

4. கட்டை

பதினொரு மணி றெயிலில் ரீச்சர் வந்தார். அரை நாள் லீவு போட்டிருந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அழுதுகொண்டு வருவார் என்று மனேச்சர் எதிர்பார்த்திருக்க வேண்டும், கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு வைத்திருந்தார். ரீச்சர் இருக்கவில்லை. கைப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே ஒரு நந்தியாவட்டைப் பூவும் ஓர் அலரிப்பூவும் வாடிக் கிடந்தன.

தமக்குக் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது, பாடசாலையில் கதை பரவிவிட்டது என்றார். தலைமையாசிரியர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, விளக்கம் ஏற்கப்படும்வரை மேல் வகுப்புகளுக்கு இயற்கைப் பாடம் எடுக்க வேண்டாம், தையல் பாடத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"என்ரை படத்தைத் தாருங்கோ. பென்சிலாலை கீறி, கீழை திகதி போட்டனான். அதை அனுப்பினாக் காணும்."

"வேலை முடிஞ்சாப் படம் தங்கிறதில்லை, ரீச்சர்," என்றார் மனேச்சர். "உள்ள முறை அது."

"திருப்பித் தாறன் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"தங்கினாத் தாறன் எண்டு சொன்னனான். இப்ப என்ன செய்யிறது? கை தவறிக் கீறியிருப்பியள். ஆருக்கும் நடக்கிறதுதானே."

நான் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. என் அலுமாரிக்குப் போய், முப்பத்தோராம் இலக்கக் கட்டையை எடுத்து, மை போகத் துடைத்து, கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"ரீச்சர், உங்கடை படம் உதிலை இருக்கு," என்றேன்.

ரீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு வாடிய நந்தியாவட்டையைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பூவும் கட்டையும் ஒரே பக்கம் சுழன்றன. படத்தை நேராக ஒட்டி வெட்டியபடியால் அவர் கீறியது கீறியபடி மரத்தில் இருந்தது. தாளில் விழுந்தபோதுதான் மாறியிருந்தது. பிழை அச்சுக்கூடத்தினுடையது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

"பிழை என்ரை. நான்தான் மாத்தி இறக்காமல் ஒட்டி வெட்டினனான்," என்றேன்.

மனேச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

"பாத்தியளே, ரீச்சர். தங்கமான மனிசன். நீங்கள் படுகிற பாட்டைப் பாத்து, இரக்கத்திலை தன்ரை தலையிலை தூக்கி வைக்கிறார். சபைக்கு உவர் எழுதினாலும் அவையும் உப்பிடித்தான் நினைப்பினம்."

சொல்லிக்கொண்டே கட்டையை எடுத்து மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். ரீச்சர் கட்டையைக் கேட்டார். அது அச்சுக்கூடத்தின் சொத்து என்றார். படம் ரீச்சருடையது, அது இல்லை. கட்டை அச்சுக்கூடத்தினுடையது, அது கிடைக்காது. பிழை என்னுடையது, அதைக்கூட எனக்கு வைத்துக்கொள்ள உரிமை இல்லை. செய்தவன் நான்தான் என்று கத்தினாலும் அது இரக்கம் என்று பேர் மாற்றி எடுக்கப்படும். இப்படி ஒரு கொள்ளையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ரீச்சர் பூக்களை இலையில் மடித்தார். வாசலடியில் என்னைக் கடக்கும்போது நின்றார்.

"எனக்கு இரக்கம் வேண்டாம், அண்ணை. எழுத்திலை வேணும். இண்டைக்கு எழுதிறது காணாது. அண்டைக்கு எழுதினது ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ."

5. மார்ச் 3

ஐந்து மணிக்கு வேலை விட்டது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் டயறியை எடுத்தேன். பத்தொன்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் எழுதுபவன். எத்தனை கட்டை, எந்த மரம், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். புரட்டிக்கொண்டு போனேன்.

"மார்ச் 3, செவ்வாய். இயற்கைப் பாடம், பக். 31. நந்தியாவட்டை. ரீச்சர் கீறிய தாளையே ஒட்டி வெட்டினேன். மாற்றி இறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மிச்சம். மிச்ச நேரத்தில் பக். 32 தொடங்கினேன். மழை இல்லை."

மிச்சம் பிடித்த ஒன்றரை மணி நேரத்துக்காக அன்று நான் மகிழ்ந்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சிதான் ஒரு பெண்ணை மேல் வகுப்பிலிருந்து தையல் வகுப்புக்கு அனுப்பியது. மனேச்சரில் எனக்கு இருந்த கோபத்தில் பாதியை அந்த இடத்தில் என் மேலேயே திருப்ப வேண்டியிருந்தது. ஆனால் அதே பக்கம்தான் ரீச்சர் கேட்ட எழுத்து. வழக்கு வருமென்று ஒருவருக்கும் தெரியாத நாளில், ஒருவருக்கும் இரங்க வேண்டிய தேவையில்லாத நாளில் எழுதியது.

சவரக் கத்தியை எடுத்து அந்தத் தாளை மட்டும் வெட்டி எடுக்கப் போனேன். டயறி கட்டிய தையலில் கத்தியை வைத்தபின் நிறுத்திக்கொண்டேன். தனித் தாளை நேற்றும் எழுதியிருக்கலாம் என்று மனேச்சர் சொல்வார். மார்ச் 2ம் மார்ச் 4ம் இரண்டு பக்கமும் நின்றால்தான் மார்ச் 3க்குப் பெறுமதி. டயறி முழுவதும் போக வேண்டும்.

முழுவதும் போவதென்றால் மே 11, 12, 13 ஆகிய நாட்களும் போகும். மூத்த மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் கலைந்த நாட்கள் அவை. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள், நாங்கள் என்ன சொன்னோம், மகள் என்ன சொன்னாள் என்பதெல்லாம், யார் பேரையும் மறைக்காமல், நான் எழுதும் வழக்கப்படி எழுதியிருந்தேன். மனைவியிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"வேலை போகும்."

"ஓம்."

"கட்டை வெட்டிறவைக்குப் பருத்தித்துறையிலையும் வேலை இருக்கும். பிள்ளையின்ரை பேரை முழு ஊரும் வாசிச்சா அதுக்கு எங்கை போறது?"

அவள் சுளகைத் தட்டி உமியை ஒதுக்கினாள்.

"உங்களுக்குத்தானே ஒட்டத் தெரியும்," என்றாள். "அந்தத் தாளுகளை ஒட்டிவிடுங்கோவன்."

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. வட்டமாக இருக்கிற எதையும் கண்ணாடியில் பிடித்துப் பார்க்காமல் கட்டையில் ஒட்டாதீர்கள். பூவானாலும் சங்கானாலும் சில்லானாலும் அப்படித்தான். படத்தின் கீழே இருக்கிற வரிகளை வாசியுங்கள். பிழை விட்டால் அது உங்களுடையது. அதை உங்கள் கையிலிருந்து பறித்து இன்னொருவர் தலையில் வைக்க வருகிறவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் கொடுக்காதீர்கள். செய்த வேலையை அன்றன்றே எழுதி வையுங்கள், மிச்சம் பிடித்த ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்து.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கு எழுந்தேன். முதல் வேலையாக, இரவே மனைவி எடுத்து வைத்திருந்த சோற்றைக் குழைத்துப் பசையாக்கி, மே 11, 12, 13 உள்ள தாள்களைப் பக்கத்துத் தாளோடும் சேர்த்து ஒன்றோடொன்று, ஓரம் பிசகாமல், எழுத்துத் தெரியாமல் ஒட்டினேன். மேலே அம்மிக் குழவியை வைத்து, காயும்வரை பக்கத்தில் இருந்தேன். ஆறு இருபதுக்கு டயறியைப் பழைய புரூவ் தாளில் சுற்றிக் கரியரில் கட்டி, சைக்கிளை ரீச்சரின் சுன்னாகம் நோக்கித் திருப்பினேன்.